நாலாம் தொட்டியில் வெட்டம்

தொண்ணூற்றாறு மணி நேரம் மிச்சம் இருந்தது. அதற்குள் ஷாலின் ஒரு பதிலைச் சொல்லியாக வேண்டும். பதில் சரியாக இருந்தால் தொட்டிகள் மலையேறும். தவறினால் அவை ஒரகடத்திலேயே நின்று மழைநீர் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர் அமலா. வானத்திலிருந்து வரும் காமா கதிர்களைப் பிடிக்க ஒரு மலை உச்சியில் நூற்றுக்கணக்கான தொட்டிகளை வரிசையாக நிறுத்தப்போகும் ஆய்வுக் குழுவின் தலைவர் அவர். தொட்டி செய்ய ஆள் தேடி அலைந்தபோது, மொட்டைமாடிகளுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்த ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்று, செய்து பார்க்கிறோம் என்று முன்வந்தது. மாதிரிக்கு ஏழு தொட்டிகள் செய்தார்கள். கிடங்குக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் நடுவே ஒன்று, சுற்றிலும் ஆறு என்று வைத்தார்கள். ஒவ்வொன்றின் உள்ளேயும் கறுப்பு உறை, அதற்குள் சுத்தமான தண்ணீர், அடியில் மேல்நோக்கிப் பார்த்தபடி ஒரு கண்ணாடிக் குமிழ். அந்தக் குமிழைத் தொழிற்சாலையில் எல்லோரும் பல்பு என்றே அழைத்தார்கள். மற்ற பல்புகள் வெளிச்சம் கொடுக்கும். இது வெளிச்சத்தைப் பார்க்கும். தண்ணீருக்குள் ஒரு துகள் பாய்ந்து ஒரு பொட்டு நீல ஒளி எழுந்தால்கூட இதற்குத் தெரிந்துவிடும்.

ஷாலின் சேரப்பணஞ்சேரிப் பெண். இயற்பியலில் முதுகலை முடித்துவிட்டு இதே தொழிற்சாலையின் தரப் பிரிவில் சேர்ந்தவள். அதுவரை அவள் வேலை, தொட்டிச் சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று அளப்பது. படித்த படிப்புக்கு இங்கே வேலை வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. வந்தபோது சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவும் இல்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்குக் குரல் எழாது. வருகைப் பதிவில் தன் பெயரை அழைத்தால் கையைத்தான் தூக்குவாள்.

ஆனால் அந்த ஏழு தொட்டிகள் என்ன செய்கின்றன என்பது மனப்பாடமாகத் தெரியும். எங்கோ வெடித்துச் செத்த ஒரு நட்சத்திரத்தின் மிச்சத்திலிருந்து ஒரு காமா கதிர் புறப்படுகிறது. நம் காற்றின் மேல்விளிம்பில் மோதி உடைகிறது. உடைந்தது மறுபடி உடைந்து, துகள்களின் மழையாகிறது. அந்த மழை தாறுமாறாகப் பெய்வதில்லை. அகலமான தாம்பாளம்போல் மெல்லிய தட்டாகி, ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இறங்குகிறது. தட்டு நேராக விழுந்தால் ஏழு தொட்டிகளும் ஒன்றாக மின்னும். சாய்ந்து விழுந்தால் ஒரு பக்கத்துத் தொட்டி முந்தும், எதிர்ப்பக்கத்துத் தொட்டி பிந்தும். இந்த முன்பின்னை அளந்தால் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம்.

முன்பின் என்பது நானோ நொடிக் கணக்கு. ஒரு நானோ நொடியில் ஒளி, பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்குத்தான் போகும்.

வானத்திலிருந்து வந்து மோதுகிறவற்றில் பெரும்பாலானவை மின்னூட்டம் கொண்ட துகள்கள். வழியில் இருக்கும் காந்தப் புலங்கள் அவற்றை இஷ்டத்துக்குத் திருப்பிவிடும். எங்கே பிறந்தோம் என்பதே அவற்றுக்கு மறந்துபோயிருக்கும். காமா கதிர் அப்படியில்லை. பிறந்த இடத்திலிருந்து கோடு கிழித்தாற்போல் வரும். ஆனால் ஒரே ஒரு தொட்டி தன் நேரத்தைத் தப்பாகச் சொன்னால், காமா கதிரும் வேறு வீட்டு முகவரியைக் காட்டும். ஒரகடம் தாழ்ந்த நிலம், மேலே காற்றும் கனம். காமா மழை இங்கே தரைவரை வந்து சேர்வது அரிது. மற்றத் துகள்களின் மழை போதுமான அளவு வரும். தொட்டிகள் நேரத்தைச் சரியாகச் சொல்கின்றனவா என்று பார்க்க அது போதும்.

அதைத்தான் அமலா சோதனையாக வைத்தார். தொட்டிகளின் நேரம் வந்து சேரும் கணினியின் முன் தனியாக அமர்ந்து ஏதோ செய்துவிட்டு எழுந்து வந்தார்.

“ஏழு டேங்க்கோட நேரமும் இப்ப என் பூட்டைத் தாண்டித்தான் உங்களுக்கு வரும். நான் என்ன பண்ணியிருக்கேன்னு சொல்ல மாட்டேன். மேல இருந்து வர்ற மழையை வச்சு நீங்க சொல்லுங்க. சரியாச் சொன்னா இந்த டேங்க்தான் மலைக்கு.”

அவர் கார் வாசலைத் தாண்டுவதற்குள் அந்தப் பேச்சு கேன்டீன் வரை போய், போகிற வழியில் உருமாறிவிட்டது. எந்த டேங்க்கின் நேரத்தை எவ்வளவு நகர்த்தினார் என்பதே கேள்வியாகிவிட்டது. ஆளுக்கு ஒரு தொட்டியைச் சொல்லி ஒரு தட்டு பஜ்ஜிக்குப் பந்தயம் கட்டினார்கள். தொட்டிகளுக்கு ஓகே ஸ்டிக்கர் ஒட்டும் நிலவன் ஐந்தாம் தொட்டிமேல் கட்டினான். பிள்ளைப்பாக்கத்துக்காரன், வாய் ஓயாதவன். ஷாலின் எந்தத் தொட்டிமேலும் கட்டவில்லை என்று அவளை ஒருநாள் முழுக்கக் கிண்டல் செய்தான்.

தரவு சேரச் சேர நாலாம் தொட்டி தனித்துத் தெரிந்தது. மற்ற ஆறும் ஒன்றோடொன்று ஒத்துப்போக, நாலாவது மட்டும் சராசரியாக இரண்டு நானோ நொடி முந்திக்கொண்டது. தொழிற்சாலைத் தலைவர் டெனிசனுக்குத் தலைகால் புரியவில்லை. கண்டுபிடித்தாயிற்று, எழுதி அனுப்பிவிடலாம் என்றார். ஷாலின் இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்று மெல்லச் சொன்னாள். அவர் காதில் விழுந்ததா என்பது சந்தேகம். ஆனாலும் அனுப்பவில்லை.

அவள் தரவை நேரவாரியாகப் பிரித்தாள். இரவில் நாலாம் தொட்டி ஒழுங்காக இருந்தது. காலையிலும் ஒழுங்கு. பிற்பகலில்தான் முந்தியது. அதுவும் வெயில் அடித்த பிற்பகல்களில் மட்டும். ஐப்பசி மாதம். பாதி நாள் மேகம். மேகம் மூடிய பிற்பகல்களில் அது பரம சாது.

அமலா கணினியில் செய்தது எதுவாக இருந்தாலும் அது வெயிலைப் பார்த்து வேலை செய்யாது. ஆகவே நாலாம் தொட்டியின் அவசரம் அமலா வைத்தது அல்ல. தொட்டி தானாக வரவழைத்துக்கொண்டது. காரணம் தெரியாமல் இந்தத் தொட்டியை மலைக்கு அனுப்பினால், மலையில் வெயில் அடிக்கும் ஒவ்வொரு நாளும் அது பொய் சொல்லும்.

டெனிசன் சூடு என்றார். கேபிள் சூடாகி ஏதோ ஆகிறது என்றார். ஏழு தொட்டிக்கும் ஒரே ரகக் கேபிள், ஒரே வெயில். ஷாலின் இதைச் சொல்லவில்லை, ஒரு துண்டுத் தாளில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தொட்டியும் தனியாக எத்தனை முறை மின்னியது என்ற கணக்கு கையில் இருந்தால் ஒரே நாளில் விஷயம் தெரிந்திருக்கும். அதுவும் அமலாவின் பூட்டுக்குள் இருந்தது. இவர்களுக்குக் கிடைத்தது நேரம் மட்டும்.

தொண்ணூற்றாறு மணி நேரம் மிச்சமிருந்த அன்றைய நிலைமை இதுதான்.

அன்று மதியம் நல்ல மழை. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. பகலிலேயே இருட்டிவிட்டது. எதிர் மேசையிலிருந்து மெர்சியின் குரல் கேட்டது.

“வெட்டம் போச்சே. மீன்ல முள்ளு எங்கன கெடக்குன்னு தெரியலியே.”

மெர்சிக்கு மார்த்தாண்டம் பக்கம். விடுதியில் தங்கி வேலை பார்ப்பவள். ஆள் சின்ன உருவம். அதனால் தொட்டிக்குள் இறங்கி உறை விரிக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். உறையை விரித்து முடித்ததும், மேலே இருப்பவர்கள் மூடியைச் சாத்துவார்கள். உள்ளே ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தட்டுவாள். திறப்பார்கள்.

நிலவன் அவளைச் சும்மா விடவில்லை. “இன்னாத்த வெட்டிப் போட்டாங்க? மீனையா?”

“வெட்டம்ணு சொன்னேன். லைட்டு. ஒங்க ஊர்ல இதுக்கு வேற பேரா?”

“லைட்டுக்கு வெட்டமா? இது எந்த ஊரு தமிழு?”

“எங்க ஊருத் தமிழு. ஒங்க ‘இன்னா’வைவிட நல்ல தமிழு.”

மேசை முழுக்கச் சிரித்தது. நிலவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே தயிர்சாதத்தில் கை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகத்தில் சிரிப்பு மெதுவாக வடிந்தது.

“ஏ மெர்சி. நாலாவது டேங்க்குக்கு உறை போட்ட அன்னிக்கு நீ என்னாண்ட ஒண்ணு சொன்னியே. அதுல வெட்டம்னு...”

“ஆமா. உள்ள வெட்டம் கேறுதுன்னு சொன்னேம்லா. சரி பாத்துக்கறேன்னு போனீங்க.”

நிலவன் தலையில் கை வைத்தான். அவன் அதை வெட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தான். பிளேடு பட்ட வெட்டு. தொட்டியின் வெளிப்புறம் முழுக்க உள்ளங்கையால் தடவிப் பார்த்திருக்கிறான். கீறல்கூட இல்லை. பிறகு வழக்கம்போலத் தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்த்திருக்கிறான். சொட்டுக்கூடக் கசியவில்லை. ஓகே ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். மெர்சியோ, சொல்லியாயிற்று, சரி செய்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

ஷாலின் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவைத்தாள். எதிர் மேசைக்கு எழுந்து போனாள். இப்படி ஒரு மேசைக்கு அவள் தானாகப் போனது அதுதான் முதல் முறை.

“மெர்சி, அந்த வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

“மேல. கேபிள் வெளிய போற ஓட்டை பக்கம். ஊசி முனை அளவுக்குத்தான்.”

நாலாம் தொட்டியில் கேபிள் வெளியே போகும் ஓட்டை மேற்கே பார்த்திருந்தது. பிற்பகல் வெயில் நேராக விழும் பக்கம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்ததால் கசிவுச் சோதனையில் அது பிடிபட வழியில்லை. தண்ணீர் ஒழுகாத ஓட்டையில் வெளிச்சம் ஒழுகியிருக்கிறது. அந்தத் துளி வெளிச்சத்தைப் பல்பு அவ்வப்போது துகள் என்று நினைத்து, மழைத் தட்டு வந்து சேர்வதற்கு முன்பே வந்துவிட்டது வந்துவிட்டது என்று கூவியிருக்கிறது. முந்திக்கொண்டது அதனால்தான்.

மழை விட்டு வெயில் வந்ததும் மூவரும் கிடங்குக்குப் பின்னால் போனார்கள். ஷாலின் பல்புக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். வெளிச்சத்தில் திறந்தால் அதன் கண் போய்விடும் என்பதால் கறுப்புத் துணிக்கு அடியில் கை விட்டு, தண்ணீருக்கடியில் இருந்த பல்புக்கும் ஒரு மூடி போட்டார்கள். மெர்சி ஏணியில் ஏறி, துணியை இடுப்புவரை போர்த்திக்கொண்டு, தலையைத் தொட்டிக்குள் விட்டாள். பிறகு துணிக்குள்ளிருந்து, “கெடக்கு, கெடக்கு,” என்றாள்.

அடுத்து ஷாலின் ஏறினாள். உள்ளே முதலில் இருட்டைத் தவிர எதுவும் இல்லை. தண்ணீரின் குளிர் முகத்தில் பட்டது. கண் பழகியதும் மேற்கு விளிம்பில் அது தெரிந்தது. ஒரே ஒரு புள்ளி. அவள் இத்தனை நாள் கணினித் திரையில் இரண்டு நானோ நொடியாகப் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் புள்ளியைத்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டாள். தொழிற்சாலை முழுக்கச் சிரித்ததுபோல் எதிரொலித்தது.

“இன்னாமே, பேய் கீய் பிடிச்சிடுச்சா?” என்று கீழிருந்து நிலவன் கேட்டான்.

கேபிள் ஓட்டையை அடைக்கும் ரப்பர் வளையம் கோணலாக உட்கார்ந்திருந்தது. நிலவன் அதைக் கழற்றிப் புதிது போட்டு, சுற்றிலும் கறுப்பு சிலிக்கான் பூசினான். மெர்சி மறுபடி தலையை விட்டுப் பார்த்தாள். இந்த முறை வெட்டம் இல்லை என்று அவள் சொன்னபோது, நிலவன் ஒன்றுக்கு இரண்டு தடவை, “லைட்டுதான சொல்றே?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டான்.

மறுநாள் பளிச்சென்ற வெயில். பிற்பகல் முழுக்க ஷாலின் திரையின் முன்னால் இருந்தாள். நாலாம் தொட்டியின் புள்ளி மற்ற ஆறின் வரிசையில் வந்து அமைதியாக உட்கார்ந்தது. பழைய தரவிலிருந்து வெயில் அடித்த பிற்பகல்களை மட்டும் நீக்கிப் பார்த்தாள். அங்கேயும் அப்படியே.

ஏழும் ஒரே கோட்டில்.

அது அழகாகத்தான் இருந்தது. பிரச்சினையும் அதுதான். நாலாவது இல்லையென்றால் வேறு எது? டெனிசன் திரையருகே குனிந்து நெடுநேரம் பார்த்தார். இரண்டாம் தொட்டியின் புள்ளி கோட்டுக்குச் சற்று மேலே இருப்பதாகக் காட்டினார். இருந்தது. கால் நானோ நொடிகூட வராது. சும்மா இருந்தாலும் புள்ளிகள் அந்த அளவுக்கு ஆடும். அதை எப்படிச் சொல்வது என்று ஷாலின் வார்த்தை தேடுவதற்குள், அவர் இரண்டாம் தொட்டி என்று முடிவு கட்டிவிட்டார். பெரிய மனிதர்கள் சோதனை வைத்துவிட்டுப் போனால் ஏதாவது ஒன்றை எடுத்து நீட்ட வேண்டும், வெறுங்கையோடு போய் நின்றால் வேலை தெரியாதவர்கள் என்று நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு. கெட்ட மனிதர் இல்லை. அந்த ஏழு தொட்டிகளையும் தன் பிள்ளைகள்போல நினைப்பவர். அவை மலையேற வேண்டும் என்ற ஆசையில் அவருக்குத் தூக்கம் போயிருந்தது.

ஷாலினுக்கு அமலா சொன்ன வார்த்தைகள் நினைவிருந்தன. என்ன பண்ணியிருக்கேன் என்றுதான் அவர் சொன்னார். எந்தத் தொட்டி என்று கேட்டதே இல்லை. அதைக் கேட்டது கேன்டீன்.

ஆனால் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? தேடத் தெரியாதவனுக்கும் எதுவும் கிடைக்காது, இல்லாத இடத்தில் தேடுகிறவனுக்கும் எதுவும் கிடைக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று. யோசித்துப் பார்த்து நிலவனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நான் வெளிய நிக்கிறேன். இந்தத் தரவுல ஒரு டேங்க்கோட நேரத்தை நீங்க இஷ்டத்துக்கு மாத்துங்க. எதுன்னு சொல்லாதீங்க.”

நிலவன் குஷியாக உட்கார்ந்தான். எப்படி மாற்றுவது என்று காட்டிவிட்டு அவள் வெளியே போய், சாலையில் கார் ஏற்றிச் செல்லும் நீளமான லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து கணக்கை ஓட்டினாள். ஐந்தாம் தொட்டி, ஒரு நானோ நொடி பின்னால் என்றாள். சரிதான். தன் பந்தயத் தொட்டியையே மாற்றியிருந்தான். அடுத்த முறை அவள் திரையைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“ஆறாவது டேங்க் முன்னாடி, ஒண்ணாவது பின்னாடி. ஒரு டேங்க்தான் மாத்தச் சொன்னேன் அண்ணா.”

“யம்மா. உன்னாண்ட ஏமாத்திப் பொழைக்க முடியாது போல.”

மூன்றாம் முறை அரை நானோ நொடிதான் நகர்த்தினான். ஒளி அரை ஸ்கேல் போகும் நேரம். அதையும் பிடித்தாள். நிலவன் எழுந்து நின்று, இனிமேல் அவளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னான். நிறுத்துவதாகச் சொல்லவில்லை.

ஷாலினுக்கு நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். படவில்லையென்றால் இல்லை. இதைச் சொல்ல வேண்டிய இடம் மட்டும்தான் பாக்கி. அந்த இடத்தில் நாலு பேர் இருப்பார்கள்.

அமலா காலையிலேயே வந்துவிட்டார். கூட்ட அறையில் டெனிசன், ஆய்வகத்திலிருந்து வந்த இரண்டு பேர், மேசையின் கடைசியில் ஷாலின். வாசற்கதவு பாதி திறந்திருந்தது. தேநீர் இடைவேளையை முன்னதாக எடுத்துக்கொண்ட நிலவனும் மெர்சியும், இன்னும் பந்தயம் கட்டிய பலரும் வெளியே நின்றார்கள். டெனிசன் தொழிற்சாலையின் வரலாற்றிலிருந்து ஆரம்பித்தார். அமலா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஷாலின் பக்கம் திரும்பினார். கணக்குப் போட்டது நீங்கள்தானே, என்ன கிடைத்தது என்று கேட்டார்.

ஷாலின் எழுந்தாள்.

“ஒண்ணும் இல்ல மேடம்.”

அறையில் யாரும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. கூச்சப்படுகிற பெண் எதைக் கேட்டாலும் சொல்லுகிற ஒண்ணும் இல்ல என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆய்வகத்து ஆள் ஒருவர் அவளுக்குத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். டெனிசன் பாசத்தோடு உதவிக்கு வந்தார். இந்தப் பெண் கொஞ்சம் பயந்த சுபாவம், நானே சொல்கிறேன், இரண்டாம் தொட்டியில் என்று தொடங்கினார்.

ஷாலின் உட்காரவில்லை.

“நான் கூச்சப்பட்டுச் சொல்லல சார். அதுதான் பதில்.”

குரல் அவளே எதிர்பார்க்காத அளவுக்குக் கதவு வரை போனது. கதவுக்கு வெளியே குசுகுசுப்பு நின்றது.

அமலா பேனாவைக் கீழே வைத்தார். “தெரியலங்கிறது வேற, இல்லங்கிறது வேற. நீங்க எதைச் சொல்றீங்க?”

“இல்லங்கிறத.”

பிறகு சொன்னாள். நிலவன் மறைத்துவைத்ததையும் அவள் கண்டுபிடித்ததையும். எந்தத் தொட்டியை அரை நானோ நொடி நகர்த்தியிருந்தாலும் தன் கண்ணில் பட்டிருக்கும் என்பதை. இரண்டாம் தொட்டியின் ஆட்டம் அதில் பாதிகூட இல்லை என்பதை. டெனிசன் பக்கம் பார்க்காமல் நாலாம் தொட்டியின் ஓட்டையையும் சொன்னாள். வெளிச்சம் கசிந்தது, அதை ஒரு நாள் அல்ல, பல நாள் நாங்கள் கவனிக்கவில்லை, இப்போது அடைத்துவிட்டோம், அடைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த தரவு இரண்டும் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். டெனிசன் மேசையின் மரக்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். செய்த பொருளில் குறை இருந்தது என்று வாங்க வந்தவரிடம் சொல்லும் வழக்கம் இந்தச் சாலையில் எந்தத் தொழிற்சாலைக்கும் கிடையாது.

“ஓட்டையை யார் பார்த்தது?” என்று அமலா கேட்டார்.

“மெர்சி. உறை போட்ட அன்னிக்கே சொல்லிட்டா மேடம். எங்களுக்குத்தான் தமிழ் புரியல.”

வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நிலவன்தான். வெட்டம் என்ற சொல்லை ஷாலின் விளக்கியதும் அமலாவும் சிரித்தார். சிரித்து முடித்து, திரையில் இருந்த ஏழு புள்ளிகளை நீண்ட நேரம் பார்த்தார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஷாலின் நின்றுகொண்டே இருந்தாள்.

அமலா டெனிசன் பக்கம் திரும்பினார். “இந்த ஏழையும் லாரியில ஏத்தணும்னா எவ்வளவு சீக்கிரம் முடியும்? மலையில பனி விழறதுக்கு முன்னாடி மேல கொண்டுபோயிடணும். மிச்ச டேங்க்கெல்லாம் வார்க்க அச்சு எப்ப சூடாக்குவீங்க?”

டெனிசனுக்கு லாரியும் புரியவில்லை, பனியும் புரியவில்லை.

“மேடம், ரிசல்ட்... அந்தப் பொண்ணு சொன்னது...”

கதவை முழுதாகத் தள்ளிக்கொண்டு எல்லோரும் உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். மெர்சி முன்னால் நின்றாள். அமலா எழுந்தார். டெனிசனைப் பார்த்து அல்ல, அறையின் கடைசியில் நின்றிருந்த ஷாலினைப் பார்த்துச் சொன்னார்.

“அன்னிக்கு அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். எந்த டேங்க்கையும் நகர்த்தல. நான் போட்டது பூஜ்யம்.”